கழுத்துப் புடைப்பும் சேப்டி ரேசரும்

கேள்வி: என் வயது 34. தாடி முடி தடிமனானது, சுருளக்கூடியது. ஐந்து பிளேடு கொண்ட கார்ட்ரிட்ஜ் ரேசரால் தினமும் சவரம் செய்கிறேன். கன்னத்தில் தொல்லை இல்லை. கழுத்தில் மட்டும் சிவப்புப் புடைப்புகள் வருகின்றன, சிலவற்றில் சீழும் கோக்கிறது. இருபுறமும் கூருள்ள ஒற்றை பிளேடு போடும் சேப்டி ரேசருக்கு மாறும்படி நண்பர்கள் சொல்கிறார்கள். அதில் நேர்விளிம்பு, சீப்புப்பல் விளிம்பு, சாய்வுத்தலை, அளவு மாற்றக்கூடியது என்று பல வகைகள் இருக்கின்றன. முகம் மழமழவென்று இருக்க வேண்டும், எரிச்சலும் கூடாது. எதை வாங்குவது?

பதில்: தாராளமாக மாறுங்கள். ஆனால் மழமழப்பும் எரிச்சலின்மையும் உங்கள் கன்னத்தில் ஒன்றாகக் கிடைக்கும், கழுத்தில் கிடைக்காது. அங்கே மழமழப்பைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்தான் எரிச்சல் போகும். எந்த ரேசர் வாங்கினாலும் இது மாறாது.

காரணம் இதுதான். பல பிளேடு ரேசரில் முன்னால் போகும் பிளேடு முடியைச் சற்று வெளியே இழுக்கிறது. அது உள்ளே திரும்புவதற்குள் பின்னால் வரும் பிளேடு வெட்டிவிடுகிறது. வெட்டுப்பட்ட நுனி தோல்மட்டத்துக்குக் கீழே இறங்கிவிடும். நேரான முடி வந்த வழியே மீண்டும் வெளியே வரும். சுருள் முடி அப்படி வராது. சாய்வாக வெட்டுப்பட்ட கூர்நுனி, முடிக்குழியின் சுவரையே குத்திக்கொண்டு வளரும். வெளியே வந்த முடியும் வளைந்து பக்கத்துத் தோலில் இறங்கலாம். உடல் அதை முள் தைத்ததுபோலவே பாவித்து, அந்த இடத்தைச் சிவக்க வைத்து வீங்கச் செய்கிறது. மருத்துவத்தில் இதற்கு சூடோஃபாலிகுலைடிஸ் பார்பே என்று பெயர். தொடக்கத்தில் இது கிருமித்தொற்று அல்ல. அதனால்தான் கிருமிக்கொல்லி களிம்பை மட்டும் மாதக்கணக்கில் பூசியும் பலருக்குக் குணமாவதில்லை.

ஒற்றை பிளேடில் இந்த ‘இழுத்து வெட்டும்’ வேலை நடப்பதில்லை. நான் மாறச் சொல்வது அதற்காகத்தான். இன்னும் ஒட்ட மழிக்கலாம் என்பதற்காக அல்ல. 1903இல் விற்பனைக்கு வந்த இந்த வடிவத்தை 1971இல் வந்த இரட்டை பிளேடு பின்னுக்குத் தள்ளியது. உங்களைப் போன்ற தோல்காரர்களுக்கு அது முன்னேற்றமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இனி வகைகள். ரேசர் சாதுவா முரடா என்பதைப் பெரும்பாலும் இரண்டு அளவுகள் தீர்மானிக்கின்றன: பிளேடின் கூர் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, கூருக்கும் கீழ்விளிம்புக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறது. இரண்டும் கூடக் கூட ரேசர் முரடாகும். புதியவர்களுக்கு நேர்விளிம்பு, அதாவது பிளேடுக்குக் கீழே பல் இல்லாத நேரான விளிம்பு, கொண்ட சாது ரேசரே சரி. மெர்குர் 34சி, மியூலே ஆர்89, எட்வின் ஜாகர் டிஇ89 ஆகியவை இந்த ரகம். பின்னிரண்டின் தலையும் ஏறக்குறைய ஒன்றுதான்; கைப்பிடி பிடித்ததைப் பார்த்து வாங்கலாம்.

கீழ்விளிம்பில் சீப்புபோலப் பற்கள் உள்ள சீப்புப்பல் விளிம்பு நாலைந்து நாள் வளர்ந்த தாடிக்கு ஏற்றது, நுரையும் முடியும் அடைக்காமல் ஓடும். சீப்புப்பல் என்றாலே முரடு என்பது பொதுவிதி அல்ல. ஆனால் மியூலே ஆர்41 உண்மையிலேயே முரடு. உங்கள் கழுத்துப் பக்கமே அதைக் கொண்டுபோக வேண்டாம். மெர்குர் 37சி போன்ற சாய்வுத்தலை ரேசர், பிளேடை லேசாக முறுக்கிப் பிடித்து முடியைச் சரிவாக வெட்டும். தடித்த முடிக்கு அது சுகமானதுதான், ஆனால் கை பழகிய பிறகு. அளவு மாற்றக்கூடிய மெர்குர் புரோகிரஸ், பிளேடுக்கு அடியில் உள்ள எண்ணிட்ட தட்டுகளை மாற்றிப்போடும் ராக்வெல் ஆகியவற்றில் ஒரு வசதி உண்டு, எண் குறையக் குறைய ரேசர் சாதுவாகும்: கன்னத்துக்கு நடு எண், கழுத்துக்கு ஆகக் குறைந்த எண் என்று பிரித்துக்கொள்ளலாம். உங்கள் நிலையில் நான் இருந்தால் இந்த ரகத்தில் ஒன்றைத்தான் வாங்குவேன்.

ரேசரைவிடவும் பிளேடு முக்கியம். பொதுவான இருபுற பிளேடுகள் இந்த ரேசர்கள் எல்லாவற்றிலும் பொருந்தும் என்பதால் மாற்றிப்பார்ப்பது எளிது. ஃபெதர் என்ற பெயரில் விற்கும் பிளேடு மிகக் கூரானது, அதில் தொடங்க வேண்டாம். இரண்டு மூன்று நிறுவனங்களின் பிளேடுகளைப் போட்டுப் பார்க்காமல் ரேசரைக் குறை சொல்லாதீர்கள். மழுங்கிய பிளேடும் ஆபத்துதான். வெட்டவில்லை என்றால் கை தானாகவே அழுத்தும். உங்கள் தடித்த முடிக்கு நாலைந்து சவரத்துக்கு ஒரு பிளேடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அழுத்தம்தான் மாறுபவர்கள் எல்லோரையும் காயப்படுத்துவது. கார்ட்ரிட்ஜின் தலை முகத்துக்கேற்ப வளையும், அதனால் கை அழுத்திப் பழகியிருக்கும். இதில் தலை வளையாது, கோணத்தை நீங்கள்தான் பிடிக்க வேண்டும். ரேசரின் மேல்மூடி கன்னத்தில் படும்படி வைத்து, கைப்பிடியைக் கிடைமட்டத்திலிருந்து மெல்லக் கீழே இறக்குங்கள். முடி அறுபடும் மெல்லிய சரசரப்பு கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். தோலுக்கும் பிளேடுக்கும் இடையே ஏறத்தாழ 30 பாகை இருக்கும். அதன் பிறகு ரேசரின் எடையே போதும். குறுகிய இழுப்புகளாகச் செய்யுங்கள். தோலை இழுத்துப் பிடிக்காதீர்கள், அதுவும் முடியை உள்ளே வெட்டும் வழிதான்.

கழுத்து முடி மேலிருந்து கீழாகத்தான் வளரும் என்று நினைக்க வேண்டாம். இரண்டு நாள் விட்டுவிட்டு விரலால் தடவிப் பாருங்கள். விரல் வழுக்கும் பக்கம் முடியின் போக்கு, உரசும் பக்கம் எதிர்ப்போக்கு. குரல்வளையின் இருபுறமும் பலருக்கு முடி பக்கவாட்டில், சிலருக்குச் சுழியாகவே கிடக்கும். கழுத்தில் போக்கோடு ஒருமுறை, வேண்டுமானால் மீண்டும் நுரை போட்டுக் குறுக்கே ஒருமுறை, அதோடு நிறுத்துங்கள். எதிர்ப்போக்கு கன்னத்தோடு இருக்கட்டும். சவரத்துக்கு முன் இரண்டு மூன்று நிமிடம் வெதுவெதுப்பான நீரில் முடி ஊறினால் வெட்டுவது வெகுவாக எளிதாகும். முடிந்த பின் சாராயம் கலந்த ஆஃப்டர்ஷேவ் வேண்டாம், வாசனையில்லாத ஈரப்பதக் களிம்பு போதும். சிறு கீறலுக்குப் படிகாரம் பரவாயில்லை.

புதிய ரேசரை இன்றே தொடங்காதீர்கள். புடைப்புகள் அடங்கும்வரை, மூன்று நான்கு வாரமாவது, ட்ரிம்மரால் ஒரு மில்லிமீட்டர் முடி விட்டு வெட்டுங்கள். முதல் சில நாள் நிலைமை மோசமாவதுபோலத் தோன்றலாம். மாட்டிய முடிகள் வளர வளரத் தாமாகவே வெளிவரும். தோலுக்கு மேல் வளையமாகத் தெரியும் முடியைச் சுத்தமான ஊசியால் தூக்கிவிடலாம், பிடுங்கக் கூடாது. ஸ்டீராய்டு கலந்த களிம்பை நீங்களாக வாங்கி நீண்ட நாள் பூசாதீர்கள், தோல் மெலிந்துவிடும்.

இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவராக இருந்தால் சேப்டி ரேசர் வேண்டாம், மின்சார ரேசர் நல்லது. யாராக இருந்தாலும் ரேசரைப் பகிர்ந்துகொள்ளக் கூடாது, ஹெபடைடிஸ் பி, சி கிருமிகள் அதன் வழியே பரவலாம்.

சீழ் பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, புடைப்புகள் கெட்டியான தழும்பாகத் தடித்தாலோ சவரத்தை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். அடிக்கடி திரும்பி வந்தால், முடியின் அடர்த்தியையே குறைக்கும் லேசர் சிகிச்சை பற்றியும் அவரிடம் கேளுங்கள். பணியிடத்தில் தினமும் மழித்தே ஆக வேண்டும் என்ற விதி இருந்தால், விலக்குக் கேட்கச் சான்றிதழும் வாங்கிக்கொள்ளலாம். அதற்கு இது போதுமான மருத்துவக் காரணம்தான்.