வாசகர் கேள்வி பதில்: தெரிந்தும் ஏன் முடிவதில்லை?

இந்த முறை வந்த கடிதங்களில் பல பலவீனத்தைப் பற்றியே இருந்தன. அவற்றில் சிலவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன். ஒன்றிரண்டுக்குக் கொஞ்சம் நீளமாகவே பேச வேண்டியிருக்கிறது.

கேள்வி: யார் எதைக் கேட்டாலும் எனக்கு மறுக்க வராது. அலுவலகத்தில் மற்றவர்களின் வேலையும் என் தலையில்தான் விழுகிறது. இது பலவீனம் என்கிறார் என் மனைவி. நான் இரக்க குணம் என்று நினைக்கிறேன். யார் சொல்வது சரி?

பதில்: ஒரு வேலையை ஏற்றுக்கொண்ட பிறகு உங்களுக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மனம் லேசாக இருந்தால் நீங்கள் சொல்வது சரி. கேட்டவர் மேல் உள்ளுக்குள் புகைச்சல், எல்லாரும் என்னைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்ற கசப்பு, அந்த எரிச்சல் வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகள் மேல் பாய்வது, இதெல்லாம் இருந்தால் உங்கள் மனைவி சொல்வதுதான் சரி, ஏனென்றால் பயந்து கொடுத்ததற்கு விலை கட்டுவது அவரும் பிள்ளைகளும். உங்கள் கடிதத்தைப் படித்தவரை நான் அவர் பக்கம்தான் சாய்கிறேன்.

இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். 1961இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனைகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பக்கத்து அறையில் இருப்பவர் தவறாகப் பதில் சொல்லும் ஒவ்வொரு முறையும் மின்னதிர்ச்சியைக் கூட்டிக்கொண்டே போகச் சொன்னார்கள். அதிர்ச்சி பொய், ஆனால் விசையை அழுத்தியவர்களிடம் உண்மை என்றுதான் சொல்லப்பட்டிருந்தது. முதலில் வெளியான சோதனையில் 40 பேரில் 26 பேர் கடைசி அளவான 450 வோல்ட் வரை போனார்கள். பலருக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, இது சரியில்லை என்று வாதாடினார்கள், அப்புறம் அழுத்தினார்கள். நிறையப் பேர் இதை மனிதனுக்குள் இருக்கும் கொடூரத்துக்குச் சான்றாகச் சொல்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதிரே நின்று தொடரச் சொன்னவரிடம் ‘மாட்டேன்’ என்று சொல்ல அவர்களுக்கு வரவில்லை, அவ்வளவுதான், அதுவே போதுமானதாக இருந்தது. (பங்கேற்றவர்களில் சிலர் இது நாடகம் என்று ஊகித்திருந்தார்கள் என்பது போன்ற விமர்சனங்கள் பின்னால் வந்தன, அவற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும்.)

அதே தொடரில் இன்னொரு சோதனை இருக்கிறது, உங்களுக்கு அதுதான் உதவும். கூடவே உட்கார வைத்திருந்த இரண்டு பேர், அவர்கள் மில்கிராமின் ஆட்கள், நடுவில் மறுத்துவிட்டு விலகினார்கள். அப்போது 40 பேரில் 4 பேர்தான் கடைசிவரை போனார்கள். சாதாரண மனிதர்கள்தான், பக்கத்தில் மறுக்கிற ஆள் இருந்ததும் அவர்களாலும் முடிந்தது. அதனால் தனியாகத் துணிச்சலை வளர்த்துக்கொள்ளப் போராடாதீர்கள். அலுவலகத்தில் நிதானமாக மறுக்கத் தெரிந்த ஒருவர் நிச்சயம் இருப்பார், அவரோடு பழகுங்கள். யாராவது எதையாவது கேட்டால் அந்த இடத்திலேயே பதில் சொல்லாமல் ‘நாளைக்குச் சொல்கிறேன்’ என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், வீட்டில் ஒரு முறை மனைவியோடு பேசிவிட்டு மறுநாள் போய்ச் சொல்வது அத்தனை கடினமாக இருக்காது.

கேள்வி: எது நல்லது என்று எனக்கு நன்றாகவே தெரிகிறது. ஆனாலும் அதைச் செய்ய முடியவில்லை. கோபத்தில் கத்துகிறேன், இரவு முழுக்க கைபேசியைப் பார்க்கிறேன், காலையில் வெட்கப்படுகிறேன். நான் அடிப்படையிலேயே பலவீனமானவளா?

பதில்: இந்தக் கேள்விக்கு 2,000 ஆண்டுகளுக்கு மேல் வயதாகிறது. கெட்டது என்று முழுசாகத் தெரிந்தே யாரும் கெட்டதைச் செய்வதில்லை என்றார் சாக்ரடீஸ். அரிஸ்டாட்டில் அதை ஒப்புக்கொள்ளத் தயங்கினார், கண்ணால் பார்ப்பதற்கு அது முரணாக இருக்கிறது என்றார். ஆசையின் பிடியில் இருப்பவரிடம் அறிவு இருக்கிறது, ஆனால் அந்த நேரத்தில் வேலை செய்யவில்லை என்பது அவர் சொன்ன விளக்கம். பலவீனத்தை அவர் இரண்டாகவும் பிரித்தார்: யோசிக்காமல் பாய்கிறவர்கள், யோசித்து முடிவெடுத்தும் அதில் நிற்காதவர்கள். உங்கள் கோபம் முதல் வகை, கைபேசி இரண்டாவது வகை. இரண்டுக்கும் ஒரே மருந்து போட முடியாது.

துரியோதனன் சொன்னதாக வழங்கும் ஒரு பழைய சமஸ்கிருத வரி இருக்கிறது: தர்மம் எது என்று தெரியும், அதில் மனம் செல்லவில்லை, அதர்மம் எது என்றும் தெரியும், அதிலிருந்து விலக முடியவில்லை. எவ்வளவு நேர்மையான வாக்கு! ஆனால் அவன் அதோடு நின்றுவிடுகிறான். கிரேக்கக் கதையில் வரும் ஒடிசியஸுக்கும் தன்னைப் பற்றி அதே தெளிவு இருந்தது. பாடியே மாலுமிகளை மயக்கி அழிக்கும் சைரன்களின் பாட்டைக் கேட்டால் தன்னால் தாங்க முடியாது என்று தெரிந்ததால், கப்பல் அந்த இடத்தை நெருங்குவதற்கு முன்பே தன்னைப் பாய்மரத்தில் கட்டச் சொன்னான், அவிழ்க்கச் சொல்லிக் கெஞ்சினால் இன்னும் இறுக்கிக் கட்டுங்கள் என்றும் சொல்லி வைத்தான். பாட்டு கேட்டபோது அவன் கெஞ்சத்தான் செய்தான். மனஉறுதியில் அவன் யாருக்கும் மேலானவன் இல்லை, முன்கூட்டியே ஏற்பாடு செய்தான்.

நீங்களும் அதைச் செய்யுங்கள். கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டுப் படுங்கள், படுக்கையில் வைத்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்டினால் நீங்கள்தான் தோற்பீர்கள், நானும்தான். கோபத்துக்கு அப்படிக் கட்டி வைக்க எதுவும் இல்லை, அது வர நேரம் எடுத்துக்கொள்வதில்லை. பசி, தூக்கமின்மை, அவசரம் இவற்றில் எது இருக்கும்போது கத்துகிறீர்கள் என்று கவனித்து, முடிந்தவரை அங்கே கை வையுங்கள். காலையில் வரும் வெட்கத்தை மட்டும் வளர்க்காதீர்கள். அது பரிகாரம் செய்துவிட்டது போன்ற ஒரு உணர்வைக் கொடுத்து உங்களை அப்படியே உட்கார வைத்துவிடும்.

கேள்வி: ஆண் அழுவது பலவீனமா?

பதில்: இல்லை. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, பிறகு அந்தத் துக்கத்தை யார் மேலாவது கோபமாக இறக்கி வைப்பதுதான் பலவீனம்.

கேள்வி: விவாதத்தில் நம் கருத்தில் உள்ள ஓட்டையை நாமே ஒப்புக்கொண்டால் எதிராளி அதையே பிடித்துக்கொள்ள மாட்டாரா?

பதில்: பிடித்துக்கொள்வார், பிடிக்கட்டும். வாதத்தில் ஜெயிப்பது மட்டும்தான் குறி என்றால் மறைத்துவிடுங்கள், அதற்கு என் யோசனை தேவையில்லை. உண்மை வேண்டும் என்றால் வானியலாளர் கெப்ளரைப் பாருங்கள். செவ்வாய்க் கோளின் பாதையை வட்டம் என்று வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் கணக்குப் போட்டார். டைகோ பிராஹே என்ற இன்னொரு வானியலாளர் எடுத்து வைத்திருந்த அளவுகளோடு அது ஏறக்குறைய பொருந்தியது, வித்தியாசம் 8 கலைதான், அதாவது வானத்தில் முழுநிலவின் அகலத்தில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு. அளவில் பிழை இருக்கும் என்று அவர் தள்ளியிருந்தால் அன்றைக்கு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். டைகோவின் அளவுகள் அவ்வளவு தவறாக இருக்காது என்று நம்பியதால் தன் கணக்கைத் தூக்கிப் போட்டார். கோள்கள் நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்பது அதிலிருந்துதான் வந்தது, 1609இல் வெளியிட்டார். டார்வினும் 1859இல் தன் நூலில் தன் கொள்கைக்கு எதிராக நிற்கும் சிக்கல்களுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார்.

கேள்வி: என் அப்பாவுக்கு 80 வயது. குளிக்கவும் நடக்கவும் துணை வேண்டியிருக்கிறது. ‘நான் ஒன்றுக்கும் ஆகாதவனாகிவிட்டேன்’ என்று தினமும் சொல்கிறார். என்ன பதில் சொல்வது?

பதில்: ‘அப்படியெல்லாம் இல்லைப்பா’ என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள், அது அவர் காதில் ஏறாது. உடம்பு தளர்ந்தது நிஜம், அதை மறுத்தால் தன் கஷ்டம் யாருக்கும் புரியவில்லை என்றுதான் நினைப்பார். நம்மில் யாருமே துணையில்லாமல் வாழ்வைத் தொடங்கவில்லை. குதிரைக் குட்டி பிறந்த சில மணி நேரத்தில் எழுந்து நிற்கிறது, மனிதக் குழந்தை நடக்கக் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆகிறது, அந்த ஒரு வருடத்தில் யாரும் அதைக் குறையாகப் பார்ப்பதில்லை. ஆனால் இந்தத் தத்துவத்தை அவரிடம் சொல்லாதீர்கள், குழந்தையோடு ஒப்பிடுவது முதியவர்களைப் புண்படுத்தும்.

அவரை அதிகம் வதைப்பது தளர்ச்சியைவிட, தன் விஷயத்தில் தன்னிடம் யாரும் கேட்பதில்லை என்பதாகவே இருக்கும். குளியல் எத்தனை மணிக்கு, எந்தச் சட்டை, மருத்துவரிடம் யார் பேசுவது, வந்தவரைப் பார்க்க விருப்பமா, இதையெல்லாம் அவரே முடிவு செய்யட்டும், அதனால் கொஞ்சம் தாமதமானாலும் சரி. தூக்கி நிறுத்துவதற்கு முன் ‘பிடிக்கட்டுமாப்பா?’ என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் பக்கத்திலேயே காத்திருங்கள். வீட்டில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தால் அவருடைய கருத்தைக் கேளுங்கள், ஒப்புக்குக் கேட்காதீர்கள், அது அவருக்கு உடனே தெரிந்துவிடும்.