விலையைக் குறைக்காதீர்கள், கூரையை மாற்றுங்கள்

முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலில் பகல் முழுவதும் கடை விரித்தும் ஒரு நீர்வண்ண ஓவியம்கூட விற்கவில்லை, விலையைப் பாதியாக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். நீங்கள் போட்ட புகைப்படத்தைப் பார்த்தேன். நீலத் தறப்பாள் கூரையின் கீழே உங்கள் நந்திக்கடல் களப்பு ஓவியத்தின் மாலை மஞ்சள் செத்துப்போய்க் கிடக்கிறது. அந்த மஞ்சளுக்கு எவ்வளவு பாடுபட்டிருப்பீர்கள்! தென்னோலைக் கிடுகு வேயுங்கள், அல்லது வெள்ளைத் துணி கட்டுங்கள்; நிறம் திரும்பிவிடும். முதல் வருடம் நானும் இதே பிழையைத்தான் செய்தேன்.

சோளகம் என்னும் தென்மேற்குக் காற்றுக்குக் கடையின் கால்களில் மணல்மூட்டை கட்டுங்கள். பஸ்ஸிலும் மோட்டார் சைக்கிளிலும் வரும் சனம் பெரிய சட்டத்தை எப்படிக் கொண்டுபோகும்? அஞ்சலட்டை அளவு ஓவியங்களை முன்னால் வையுங்கள்.

ஆகஸ்ட் 15 மன்னார் மடு மாதா கோயில் திருவிழாவுக்குக் கட்டாயம் வாருங்கள். அங்கே குடும்பங்கள் நாட்கணக்கில் தங்குவதால், இன்று பார்த்துவிட்டுப் போனவர் நாளை திரும்பி வந்து வாங்குவார்.