மூடி பிளந்த மரப்பெட்டியை என்ன செய்வது?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அம்மாவின் பட்டுச் சேலைகளை வைக்க மெராந்திப் பலகையில் தன் கையாலேயே ஒரு பெட்டி செய்தாராம், மூன்று அடி நீளம், ஒன்றரை அடி அகலம். பலகை வாங்கிய மறுவாரமே அறுத்து ஒட்டி, மூடி வளையாமல் இருக்க அடியில் குறுக்கே இரண்டு சட்டம் வைத்து, பசையும் போட்டு ஸ்க்ரூவும் முடுக்கி, வெளிப்பக்கம் மட்டும் வார்னிஷ் அடித்து, ஏர்கண் (குளிர்சாதனம்) ஓடும் படுக்கையறையில் வைத்திருக்கிறார். மூன்றாவது மாதம் மூடி நடுவில் நீளவாக்கில் பிளந்துவிட்டது. மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்துவிடலாமா, இல்லை தூக்கிப் போட்டுவிட்டு வேறு நல்ல மரத்தில் புதிதாகச் செய்யவா என்று கேட்கிறார்.

தம்பி, தூக்கியும் போடாதீர்கள், அடைக்கவும் அடைக்காதீர்கள். அந்த மூடியை மீட்டுவிடலாம்.

முதலில் ஏன் பிளந்தது என்று பார்ப்போம். பலகையில் ஈரம் குறையக் குறைய அது அகலத்தில் சுருங்கும், நீளத்தில் ஏறக்குறைய சுருங்கவே சுருங்காது. நம் ஊர்க் காற்றில் நிழலில் நன்றாகக் காய்ந்த பலகையிலும் 15, 16 சதவீதம் ஈரம் இருக்கும். ஏர்கண் அறையில் நாள் முழுக்கக் கிடந்தால் அது 12-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். ஈரம் 4 சதவீதம் இறங்கினால் அகலம் சுமார் 1 சதவீதம் குறையும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மூடி 450 மில்லிமீட்டர் அகலம், அப்படியென்றால் நாலரை மில்லிமீட்டர் உள்ளே வர வேண்டும், அதுவும் காய்ந்த பலகைக்கு. கடையிலிருந்து வந்த வாரமே அறுத்த பலகை என்றால் இன்னும் கூடவே இருந்திருக்கும். ஆனால் குறுக்குச் சட்டத்தின் நார் மூடியின் அகலவாக்கில் ஓடுகிறது, அது சுருங்காது. பசையும் ஸ்க்ரூவும் மூடியை அதோடு சேர்த்துக் கட்டிப் போட்டுவிட்டன. மூடி உள்ளே வரப் பார்க்கிறது, சட்டம் விடவில்லை, எங்கே பலம் குறைவோ அங்கே பிளந்துகொண்டது. தேக்கு இவ்வளவு சுருங்காது என்பது உண்மைதான், ஆனால் இந்த மாதிரி கட்டிப் போட்டால் தேக்குக்கும் உத்தரவாதம் கிடையாது.

என் முதல் பெட்டியில் இதே தவறு வேறு திசையில் நடந்தது. நியாத்தோ மரம், ஜனவரி பிப்ரவரி வெயிலில் செய்தேன், அடிப்பலகையை நான்கு பக்கமும் பசை போட்டு இறுக்கிவிட்டேன். பினாங்கில் செப்டம்பர், அக்டோபரில் எப்படி மழை கொட்டும் என்று உங்களுக்கே தெரியும். ஒருநாள் ராத்திரி தேங்காய் விழுந்த மாதிரி ஒரு சத்தம், எழுந்து போய்ப் பார்த்தால் அடிப்பலகை உப்பி, பக்கப் பலகையைத் தள்ளி மூலை இணைப்பை விரல்நுனி நுழையும் அளவுக்குத் திறந்துவிட்டிருக்கிறது.

எங்கள் வீட்டில் தாத்தா ரஜுலா கப்பலில் கொண்டுவந்த தேக்குப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதன் மூடி ஒரு சட்டகம், நடுப்பலகை அந்தச் சட்டகத்தின் காடிக்குள், அதாவது உள்விளிம்பில் வெட்டிய நீளப் பள்ளத்துக்குள், பசை இல்லாமல் சும்மா செருகி நிற்கிறது. வெயில் மாதத்தில் பலகையின் ஓரமாக நூல் அளவுக்கு மெருகு ஏறாத வெளிர்க்கோடு ஒன்று வெளியே தெரியும், மழை வந்ததும் அது காடிக்குள் போய்விடும். எனக்கு இந்த விஷயத்தைச் சரியாகப் புரியவைத்தது அந்தக் கோடுதான்.

சரி, உங்கள் மூடிக்கு வருவோம். அடைத்தால் என்ன ஆகும் என்றால், இப்போது அடைத்தது மழைக்காலத்தில் பலகை உப்பும்போது நசுங்கும், அடுத்த வெயிலில் பக்கத்திலேயே இன்னொரு கோடு விடும். அதனால் சட்டங்களைக் கழற்றுங்கள். பசை பிடித்திருந்தால் உளியால் மெதுவாக நெம்புங்கள், வரவில்லை என்றால் சட்டத்தையே இழைத்து எடுத்துவிடலாம், அது இரண்டு துண்டு கட்டைதானே. பிறகு மூடியை அதே படுக்கையறையில், இரு பக்கமும் காற்றுப் படும்படி சிறு குச்சிகள் மேல் படுக்கவைத்து, வாரம் ஒருமுறை எடை பாருங்கள். எடை குறைவது நின்ற பிறகுதான் அடுத்த வேலை. பொறுமை போகும், ஆனால் இந்த ஒரு இடத்தில் அவசரப்படாதீர்கள்.

பிளவின் வழியாகவே நேராக அறுத்து, இரண்டு விளிம்பையும் இழைப்புளி ஓட்டி, வெளிச்சத்துக்கு நேரே சேர்த்துப் பிடித்துப் பாருங்கள், நடுவில் ஒளி கசியக்கூடாது. பிறகு ஒட்டி கிளாம்ப் போடுங்கள். மூடி கொஞ்சம் ஒடுங்கியிருக்கும், பின்பக்கக் கீல் ஓரத்தில் அதே மரத்தில் ஒரு பட்டையை நார் ஒரே திசையில் ஓடும்படி ஒட்டிச் சரிக்கட்டலாம்.

புதுச் சட்டத்துக்குப் பசையே வேண்டாம். மூன்று ஸ்க்ரூ போதும். நடுத்துளை வட்டமாக இருக்கட்டும், இரு ஓரத் துளைகளும் சட்டத்தின் நீளவாக்கில் 8 மில்லிமீட்டர் நீண்டிருக்கட்டும், அருகருகே துளை போட்டு நடுவில் உள்ளதை உளியால் எடுத்தால் ஆச்சு. வாஷர் போட்டு, நழுவும் அளவுக்கு மட்டும் முடுக்குங்கள். அப்புறம் பூச்சு இரண்டு பக்கமும் ஒரே அளவு வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் அடிக்காத பக்கம் ஈரத்தைச் சீக்கிரம் வாங்கும், சீக்கிரம் விடும், பலகை படகு மாதிரி வளையும். உள்பக்கம் ஆளி எண்ணெய் வேண்டாம், மூடிய பெட்டிக்குள் அந்த வாடை மாதக்கணக்கில் போகாது, சேலையிலும் ஏறும். அரக்கு மெருகு நல்லது, மூடிக்கு இரு பக்கமும் அதையே அடித்துவிடுங்கள். அது காய்ந்த பிறகும் பட்டு மரத்தில் நேராகப் படாமல் சாயம் போடாத பருத்தித் துணி விரியுங்கள்.

அடுத்த பெட்டிக்குப் பலகை வாங்கும்போது நுனியை விட்டு நடுவிலிருந்து ஒரு துண்டு அறுத்து எடை பார்த்து, ஓவனில் 100 டிகிரிக்குச் சற்று மேலே வைத்து, எடை குறைவது நிற்கும்வரை காயவையுங்கள். 58 கிராம் 50 ஆனால், குறைந்த 8-ஐ 50-ஆல் வகுக்க 16 சதவீத ஈரம். பெட்டி ஏர்கண் அறைக்கு என்றால் அந்தப் பலகை இன்னும் காய வேண்டும்.

இன்னொன்று, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் தானாகப் பூட்டிக்கொள்ளும் தாழ்ப்பாளைப் போடவே போடாதீர்கள். உள்ளே ஏறி ஒளியும் பிள்ளையால் அதைத் திறக்க முடியாது. மூடி சட்டென்று விழாமல் தாங்கும் கம்பி ஒன்றையும் கீல் மாட்டும்போதே சேர்த்து மாட்டிவிடுங்கள்.