பணம் திரட்டும் முன் இரண்டு அறிக்கைகள்

கேள்வி: டாக்டர் ஐயா, நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். மகனுக்கு 6 வயது. டுஷேன் தசைச் சிதைவு நோய் என்று கோலாலம்பூரில் சொல்லிவிட்டார்கள். ஒரே ஊசியில் குணமாக்கும் மரபணு சிகிச்சை அமெரிக்காவில் இருக்கிறதாம். கோயில் கமிட்டியில் பணம் திரட்டித் தருகிறோம் என்கிறார்கள். ஆனால், பிள்ளையின் உடம்பே அந்த மருந்தை எதிர்க்கும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். எதிர்ப்புச் சக்திக்கு டானிக் கொடுத்து வருகிறேன். அது தவறா?

பதில்: அம்மா, முதலில் அந்த டானிக்கை நிறுத்துங்கள். இந்தச் சிகிச்சையில் எதிர்ப்புச் சக்தியைக் கொஞ்ச காலம் அடக்கி வைப்பதுதான் எங்கள் வேலை. என்ன கலந்தது என்று தெரியாத மருந்தால் கல்லீரலுக்கும் கெடுதல் வரலாம்.

உங்களைப் பயமுறுத்தியவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. தம்பி தரையிலிருந்து எழும்போது முழங்காலிலும் தொடையிலும் கையை ஊன்றி, தன் மேலேயே ஏறுவதுபோல எழுவான், பார்த்திருப்பீர்கள். தசையைத் தாங்கிப் பிடிக்கும் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் அவன் உடம்பில் உருவாகாததால்தான் அப்படி. அதற்கான மரபணு மிகப் பெரியது, 79 துண்டுகள் கொண்டது. அதைத் தசைக்குள் கொண்டுபோக, நோய் தராத ஒரு குட்டி வைரஸின் கூட்டைப் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கூட்டில் ஏறத்தாழ 4,700 மரபணு எழுத்துகள்தான் அடங்கும். புரதத்துக்கான பகுதி மட்டுமே 11,000 எழுத்துகள். அதனால் மிகவும் சுருக்கி அனுப்புகிறார்கள்.

உடம்புக்கோ வைரஸ் என்றால் வைரஸ்தான். இந்த வகை வைரஸ் காய்ச்சல்கூடத் தராமல் வந்து போகும். அப்படி எப்போதோ வந்திருந்தால், அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய எதிர்பொருள் இரத்தத்தில் இருக்கும். தசைக்குப் போய்ச் சேரும் முன்பே மருந்தை அது மடக்கிவிடும். நீங்கள் கேட்ட அமெரிக்க ஊசியின் பெயர் எலிவிடிஸ். அதற்கு இந்த எதிர்பொருள் அளவு 400-க்கு 1 என்ற வரம்பை எட்டினாலே ஊசி போடுவதில்லை. ஒருமுறை போட்டால் எதிர்பொருள் ஏராளமாகப் பெருகிவிடும், மறுபடி போட முடியாது. ஆகவே வேறு ஏதாவது ஆய்வில் இதே வகை ஊசிக்கு அழைத்தாலும் அவசரப்பட்டுச் சம்மதிக்காதீர்கள்.

அடுத்தது, நான் அதிகம் கவலைப்படுவது. தம்பியின் மரபணு அறிக்கையில் எந்தத் துண்டுகள் காணவில்லை என்று எழுதியிருக்கும். காணாமல்போனவற்றில் 8-ஆம் அல்லது 9-ஆம் துண்டு இருந்தால் எலிவிடிஸ் கூடாது. அந்தப் பகுதியை அவன் உடம்பு பிறந்ததிலிருந்து பார்த்ததே இல்லை. புதிதாக வரும் புரதத்தை அந்நியன் என்று நினைத்து வெள்ளணுக்கள் தசையையே தாக்கும். இதயமும் தசைதானே.

மூன்றாவது, கல்லீரல். ஊசிக்கு முந்தின நாளே, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தின் அளவைக் கூட்டி, குறைந்தது 60 நாள் தருவார்கள். முதல் மூன்று மாதம் வாராவாரம் கல்லீரலுக்கு இரத்தப் பரிசோதனை. கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுப்பாகப் போவது, ஓயாத வாந்தி, இதில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 2025-இல், நடக்க முடியாத நிலையில் இந்த ஊசி போட்டுக்கொண்ட இரண்டு பையன்கள் கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள். இதை மறைத்து உங்களுக்குத் தைரியம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம், "குணமாக்கும்" என்ற சொல். அமெரிக்கா இதை 2023 ஜூனில் 4, 5 வயதுப் பிள்ளைகளுக்கு அனுமதித்தது, பிறகு வயதை விரித்தது. ஆனால் பெரிய ஆய்வில், பிள்ளைகளின் இயக்கத்தை மதிப்பெண் போட்டு அளந்தபோது, எதிர்பார்த்த வித்தியாசம் கிடைக்கவில்லை. தரையிலிருந்து எழும் நேரம் போன்ற சிலவற்றில்தான் முன்னேற்றம் தெரிந்தது. நோயை மெதுவாக்கலாம் என்பதுதான் நம்பிக்கை. விலையோ 3.2 மில்லியன் டாலர், நம் பணத்தில் 10 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டும்.

கமிட்டிக்காரர்களின் மனசு பெரியது. ஆனாலும் உண்டியல் வைக்கும் முன், மரபணு அறிக்கையும் எதிர்பொருள் அளவும் கையில் இருக்கட்டும். இரண்டில் ஒன்று ஒத்துவராவிட்டாலும் அந்தப் பணத்தால் பயனில்லை. அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை, தயங்காதீர்கள். எதிர்பொருள் பரிசோதனைக்கு எங்கே இரத்தம் அனுப்பலாம் என்று குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். விடுபட்ட தடுப்பூசி இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், ஸ்டீராய்டு அளவைக் கூட்டிய பிறகு சிலவற்றைப் போட முடியாது.

தம்பி இப்போதே ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறான் என்றால், முகம் உப்புகிறதே என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். அவன் நடையைக் காத்து வருவது அந்த மாத்திரைதான். தீபாவளிக்கு ஊருக்குப் போனாலும் பையில் முதலில் அதை எடுத்து வையுங்கள்.