கானி மேக்: அரை நூற்றாண்டு ஒரே அணியின் மேனேஜர் (கேள்வி பதில்)

கேள்வி: பேஸ்பாலில் மேனேஜர் என்பவர் கிரிக்கெட் அணியோடு போகும் மேனேஜர் மாதிரி பயணம், தங்குமிடம் பார்ப்பவரா?

பதில்: இல்லை, ஆட்டத்தையே நடத்துபவர். கிரிக்கெட்டில் கேப்டன் எடுக்கும் முடிவுகளில் பெரும்பாலானவை இங்கே டக்அவுட்டில் (களத்தை ஒட்டிய அணி இருக்கையில்) இருக்கும் மேனேஜருடையவை. ஒன்பது பேர் எந்த வரிசையில் இறங்குவது, பிட்சரை (பந்து வீசுபவரை) எப்போது மாற்றுவது, ஃபீல்டர்களை எங்கே நிறுத்துவது எல்லாம் அவர் பொறுப்பு. வெளியே எடுத்த ஆட்டக்காரரை அதே ஆட்டத்தில் திரும்ப இறக்க முடியாது. ஆறாவது இன்னிங்ஸில் அவசரப்பட்டால் கடைசியான ஒன்பதாவதில் கை பிசைய வேண்டியதுதான்.

கேள்வி: அமெரிக்க பேஸ்பால் மேனேஜர்களில் மேக்தான் அதிக ஆட்டங்களில் வென்றவர் என்கிறார்கள், அதிகம் தோற்றவர் என்றும் சொல்கிறார்கள். எது சரி?

பதில்: இரண்டும் சரி. வெற்றி 3,731, தோல்வி 3,948. 1894 முதல் 1896 வரை பிட்ஸ்பர்க், பிறகு 1901 முதல் 1950 வரை பிலடெல்பியா அத்லெடிக்ஸ். வெற்றிக் கணக்கில் அடுத்து நிற்கும் டோனி லா ரூசாவுக்கே 2,884தான். மேக்கின் அத்லெடிக்ஸ் 9 லீக் பட்டங்களையும் இரு லீக் சாம்பியன்கள் மோதும் உலகத் தொடரை 5 முறையும் (1910, 1911, 1913, 1929, 1930) வென்றது. 17 முறை கடைசி இடத்திலும் முடிந்தது. மொத்தக் கூட்டலைப் பார்த்து அவரைச் சுமாரான மேனேஜர் என்பது தவறு. ஆண்டுகளைப் பிரித்துப் பார்த்தால்தான் அவர் யாரென்று தெரியும்.

கேள்வி: 17 முறை கடைசி இடம் என்றால் ஏன் யாரும் நீக்கவில்லை?

பதில்: அணியில் அவருக்கே பங்கு இருந்தது. கால் பங்கில் தொடங்கிப் பாதிக்கு வந்தார்.

கேள்வி: அத்லெடிக்ஸுக்கு 1914-இல் 99 வெற்றி, மறு ஆண்டே 43. எப்படி?

பதில்: பணம். ஃபெடரல் லீக் என்ற போட்டி லீக் முளைத்து, ஆட்டக்காரர்களின் சம்பளத்தை ஏற்றிவிட்டது. 1914 உலகத் தொடரில் பாஸ்டன் பிரேவ்ஸிடம் நான்குக்கு நான்கும் தோற்றதும் மேக் அணியைக் கலைத்தார். பிட்சர்கள் பெண்டரும் பிளாங்கும் புது லீக்குக்குப் போனார்கள். ஆட்டக்காரர் எடி காலின்ஸ் 50,000 டாலருக்குச் சிகாகோ வைட் சாக்ஸுக்கு விற்கப்பட்டார். இன்னொரு ஆட்டக்காரர் பேக்கர் ஒப்பந்தத் தகராறில் 1915 முழுக்க ஆடவில்லை. 1916-இல் 36 வெற்றி, 117 தோல்வி! சம்பளத்தைக் கொஞ்சம் ஏற்றியிருந்தால் சிலரையாவது தக்கவைத்திருக்கலாம் என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது கலைப்பு பெருமந்த காலத்தில் (1930-களின் பொருளாதார வீழ்ச்சி). 1932-இல் சிம்மன்ஸ், ஹாஸ், டைக்ஸ் மூவரும் 1,00,000 டாலருக்குப் போனார்கள். அடுத்து பிட்சர் குரோவ், பிறகு ஃபாக்ஸ். கூட்டம் குறைந்துவிட்டிருந்தது. போதாததற்கு, 1933 வரை பென்சில்வேனியா சட்டம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு இடம் தரவில்லை. நல்ல வசூல் நாளே இல்லாமல் அந்தச் சம்பளங்களைத் தாங்க வழியில்லை. இந்த முறை அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

கேள்வி: 1929 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் குரோவை விட்டுவிட்டு எம்கி என்ற பிட்சரை இறக்கியது சூதாட்டம்தானே?

பதில்: சூதாட்டமே அல்ல, கணக்கு. சிகாகோ கப்ஸில் ஹார்ன்ஸ்பி, வில்சன், கைலர், ஸ்டீபன்சன் எல்லாருமே வலக்கை ஆட்டக்காரர்கள். இடக்கை பிட்சரின் பந்து வலக்கைக்காரர் கண்ணுக்குச் சீக்கிரம் தெரியும். மேக்கின் பிட்சர்களில் குரோவும் வால்பெர்கும் இடக்கை. அதனால் தொடர் முழுக்க இருவரையும் ஓர் ஆட்டத்தில்கூட முதல் பிட்சராக மேக் இறக்கவில்லை, இடையில்தான் அனுப்பினார்.

எம்கிக்கு 35 வயது, அந்த ஆண்டு அதிகம் வீசியிருக்கவில்லை. சீசன் கடைசியில் அவரை அணியோடு கூட்டிப் போகாமல், கப்ஸ் பிலடெல்பியாவில் ஆடும்போது போய் ஒவ்வொருவரையும் கவனித்து வரச் சொன்னார் மேக். எம்கியின் பலம் பக்கவாட்டில் கையை வீசிப் போடும் மெதுவான பந்து. ரிக்லி ஃபீல்டில் நடுப்பக்க இருக்கைகளில் ரசிகர்களின் வெள்ளைச் சட்டைகள். அந்தப் பின்னணியிலிருந்து பந்து பிரிந்து தெரியவில்லை. 13 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழப்பது), அன்றைய உலகத் தொடர்ச் சாதனை. முடிவு 3–1.

நான்காவது ஆட்டத்தில் 0–8 எனப் பின்தங்கி, ஏழாவது இன்னிங்ஸில் மட்டும் 10 ரன் எடுத்து 10–8 என்று வென்றார்கள். கடைசி இரண்டு இன்னிங்ஸை வீசி முடித்தது, சேமித்து வைத்திருந்த அதே குரோவ்தான்.

கேள்வி: சீருடை போடாமல் கோட்டு சூட்டிலேயே இருந்தாரே, இடைஞ்சல் இல்லையா?

பதில்: களத்துக்குள் போக முடியாது. பிட்சரை மாற்றக் கோச்சை அனுப்புவார். கையிலிருக்கும் ஸ்கோர் அட்டையை அசைத்தே ஃபீல்டர்களை நகர்த்துவார். இடப்பக்கம் நான்கடி என்றால் அவர்களுக்குப் புரியும். வயதான பிறகு பல முடிவுகளைக் கோச்கள்தான் எடுத்தார்கள். 1950-இல் விலகியபோது அவருக்கு 87 வயது. 1954 சீசனுக்குப் பிறகு அணி விற்கப்பட்டு கான்சாஸ் சிட்டிக்குப் போனது.