மேலாற்றுக் கை

கேள்வி: அமேசான் காட்டில் ஒரு பழங்குடியின் மொழியில் இடது, வலது என்ற சொற்களே கிடையாதாமே! வலக்கை எது, இடக்கை எது என்றுகூடத் தெரியாதவர்கள் அந்தக் காட்டில் எப்படிப் பிழைக்கிறார்கள்?
- ஒரு வாசகர், ஸ்ரீரங்கம்

பதில்: நீங்கள் கேட்பது பிரேசிலில் மைசி ஆற்றங்கரையில் வாழும் பிரஹா மக்களைப் பற்றி. மொத்தமே சில நூறு பேர். சொல் இல்லை என்பது சரி. தெரியாது என்பது தப்பு.

1977-இல் அங்கே போய், பல ஆண்டுகள் அவர்களோடு தங்கி மொழி கற்றவர் அமெரிக்கரான டேனியல் எவரெட். இடக்கைக்கு என்ன சொல் என்று கேட்டுப் பார்த்தார். கை மேலாற்றுப் பக்கம் (தண்ணீர் வரும் பக்கம்) இருக்கிறது, கை கீழாற்றுப் பக்கம் (தண்ணீர் போகும் பக்கம்) இருக்கிறது என்றே பதில் வந்தது. அவருக்குப் பிடிபடவில்லை. அப்புறம் வேட்டைக்குக் கூடப் போனபோதுதான் விளங்கியது. மேலாற்றுப் பக்கம் திரும்பு, ஆற்றுப் பக்கம் திரும்பு, காட்டுப் பக்கம் திரும்பு என்றுதான் வழி நெடுகப் பேசிக்கொண்டார்கள்.

நீங்களே ஆற்றைப் பார்த்து நின்று பாருங்கள். தண்ணீர் இடமிருந்து வலமாக ஓடினால் உங்கள் இடக்கை மேலாற்றுக் கை. அப்படியே திரும்பி ஆற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள், அதே கை கீழாற்றுக் கை. கைக்கு நிலையான பெயர் கிடையாது. ஆனால் எதிரே நிற்பவருக்கும் பின்னால் வருபவருக்கும் மேலாறு ஒன்றுதான். ‘உங்க இடதா, என் இடதா?’ என்று நாம் நடுத்தெருவில் நின்று கேட்கிறோமே, அந்தக் குழப்பத்துக்கே அங்கே இடமில்லை.

இதை விசித்திரம் என்று நினைக்காதீர்கள். உங்கள் ஊரில் மேலச் சித்திரை வீதி எது, கீழச் சித்திரை வீதி எது? மேற்கில் ‘மேல்’ இருக்கிறது, கிழக்கில் ‘கீழ்’ இருக்கிறது. மேடான பக்கம் மேற்கு, சரிந்து இறங்கும் பக்கம் கிழக்கு. காவிரியும் அப்படித்தான் ஓடுகிறது. ‘கொஞ்சம் கிழக்கால நகர்ந்து உட்காரு’ என்று சொல்லும் பாட்டிகள் நம் கிராமங்களில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கை தெரியாது என்று யாராவது சொல்வோமா?

பிரஹா மொழி பேச உழைப்பும் வேண்டும். ஆறு கண்ணுக்குத் தெரியாத அடர்காட்டிலும் அது எந்தப் பக்கம் என்பது மனசில் இருந்துகொண்டே இருக்க வேண்டும். போர்ட்டோ வெல்யூ போன்ற நகரத்துக்கு வரும்போது அவர்கள் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று ‘ஆறு எங்கே?’ என்பது. அது தெரிந்தால்தானே அந்தத் தெருக்களில் ஒருவருக்கொருவர் வழி சொல்லிக்கொள்ள முடியும்!