கிறிஸ்தவர்களின் நடத்தையைப் பார்த்துத்தான் மற்றவர்கள் கிறிஸ்தவத்தை எடைபோடுகிறார்களா?

கேட்டிருப்பவர் ஒரு கிறிஸ்தவர். "எங்கள் நடத்தை உங்கள் பார்வையை உண்மையிலேயே மாற்றுகிறதா, இல்லை, பிரசங்கத்தில் சும்மா சொல்கிறார்களா?" என்பது அவருடைய கேள்வி.

நான் கிறிஸ்தவன் இல்லை. பாளையங்கோட்டையில் வேதக்காரர்களுக்கு (எங்கள் பக்கம் இந்துக்கள் உங்களை அப்படித்தான் சொல்வோம்) நடுவில் வளர்ந்தவன். அந்தத் தகுதியில் சொல்கிறேன்: மாற்றுகிறது. நான் பைபிளைப் புரட்டியதே முப்பது வயதுக்கு மேல்தான். அதற்கு ரொம்ப முன்பே கிறிஸ்தவத்தைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் வந்துவிட்டது. அதற்குக் காரணம் இரண்டு பேர்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கோடை லீவில் எங்கள் தெரு வேதக்கோயிலில் வி.பி.எஸ். நடக்கும், அதாவது விடுமுறை வேதாகமப் பள்ளி. பாட்டு, கதை, கலர் பேப்பர் ஒட்டுவது, கிளம்பும்போது கையில் பிஸ்கட். இந்துப் பிள்ளைகளும் போவோம், வீட்டில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அந்த வருடம் கடைசி நாளன்று வெளியூரிலிருந்து ஒரு அண்ணன் வந்திருந்தார். "யார் யார் வீட்டில் சிலை வைத்துக் கும்பிடுகிறீர்கள்? கையைத் தூக்குங்கள்" என்றார். ஏதோ பரிசு தரப்போகிறார் என்று நினைத்து முதல் ஆளாகத் தூக்கினேன். சிலையைக் கும்பிடுகிறவர்கள் எல்லாரும் அக்கினிக்கடலில் தள்ளப்படுவார்கள் என்று சொல்லி முடித்தார். அன்று ராத்திரி ஆச்சியின் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எங்கள் வீட்டிலேயே ஆச்சிக்குத்தான் பக்தி அதிகம். அப்படியென்றால் முதலில் தள்ளுவது அவளைத்தானே?

அம்மா விஷயத்தைச் சுவர் வழியாகப் பக்கத்து வீட்டு டீச்சரிடம் சொன்னாள். மறுநாள் சாயங்காலம் டீச்சர் வந்து ஆச்சி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஆச்சி வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "ஏல, உங்க ஆச்சி எங்க போவான்னு சொல்ல அவன் யாரு? நான் யாரு? அதை ஆண்டவர் பாத்துக்கிடுவாரு" என்றார். ஐயரிடம் போய் அவர் சண்டை போட்டது அப்புறம் அம்மா சொல்லித்தான் தெரியும். (சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபையின் குருவானவரை எங்கள் ஊரில் ஐயர் என்பார்கள். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டு முழிப்பதைப் பார்த்திருக்கிறேன்.) அடுத்த வருடம் அந்த அண்ணன் வரவில்லை.

இருவர் கையிலும் இருந்தது ஒரே பைபிள்தான். ஒன்பது வயதுப் பையனுக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. அந்த அண்ணன் எப்படிப் பேசினார், டீச்சர் எங்கே வந்து உட்கார்ந்தார் என்பதுதான் தெரியும்.

என் அப்பாவின் கதை வேறு. அவருக்குக் கோபம் சாதி விஷயத்தில். நாகர்கோவில் போகும் வழியில், காவல்கிணறு பக்கம், வடக்கன்குளம் என்று ஒரு ஊர். தேவசகாயம் 1745-ல் ஞானஸ்நானம் வாங்கியது அங்கேதான். சாதி பாராமல் பழகியவர் என்று போற்றப்படுகிறவர், 2022-ல் புனிதர் பட்டமும் கொடுத்தார்கள். அதே ஊரில் 1872-ல் கட்டிய கத்தோலிக்கக் கோயிலைப் பாருங்கள். கால்சட்டை மாதிரி இரண்டு கால், ஒன்று வெள்ளாளருக்கு, ஒன்று நாடாருக்கு, இரண்டுக்கும் சேர்த்து ஒரே பலிபீடம். 1910-ல் இடையில் இருந்த தடுப்பை இடித்தபோது வெள்ளாளர் தரப்பு சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்கை இழுத்துத் தோற்றது. "மதம் மாறினா சாதி போயிரும்னானுவ. சாதியும் சேர்ந்துல்லா ஞானஸ்நானம் வாங்கியிருக்கு" என்பார் அப்பா. இன்றைக்கும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டம் தனித்தனி. அதைப் பார்க்கிறவனிடம் அன்பின் தேவன் என்று ஒலிபெருக்கியில் எவ்வளவு சொன்னாலும் ஏறாது. சபைத் தேர்தல் போஸ்டர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, உங்களுக்கே தெரியும்.

இப்படிப்பட்ட அப்பா 1999 ஜனவரியில் வண்டியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டு ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் கிடந்தார். டீச்சர் பள்ளிக்கூடம் போகிற வழியில் தூக்குச்சட்டியில் இட்லி கொண்டுவந்தார். முதல் நாள், "அண்ணாச்சி, ஒரு ஜெபம் பண்ணட்டுமா?" என்று கேட்டார். "வேண்டாம் டீச்சர்" என்றார் அப்பா. "சரி" என்று சொல்லிவிட்டு மூடியைத் திறந்து இட்லியை எடுத்து வைத்தார். மறுநாளும் இட்லி வந்தது, ஜெபப் பேச்சு வரவில்லை. மொத்தம் பதினொரு நாள்.

உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இந்தத் தூக்குச்சட்டிதான். உதவி செய்கிற கிறிஸ்தவர்கள் எங்கள் ஊரில் ஏராளம். ஆனால் மூன்றாம் நாளே "ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வாங்களேன்" என்று ஆரம்பித்தால், முதல் இரண்டு நாள் செய்ததும் தூண்டில் புழுவாகிவிடும். வாங்கிக்கொள்கிறவனுக்கு அது உடனே தெரிந்துவிடும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், டீச்சரைப் பார்த்து எங்கள் வீட்டில் யாரும் மதம் மாறவில்லை. "ஆள் பிடிக்கத்தான் இவங்க எல்லாம் செய்யுதாங்க" என்ற பேச்சு மட்டும் அப்பா வாயில் வருவது நின்றுபோனது.

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோதுதான் ஒரிசாவில் அந்தக் கொடுமை நடந்தது. ஜனவரி 22 ராத்திரி, மனோகர்பூர் கிராமத்தில், தொழுநோயாளிகளிடையே வேலை செய்த ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய 10 வயது, 6 வயது மகன்களையும் வண்டிக்குள் தூங்கும்போதே எரித்துக் கொன்றார்கள். கொன்றவர்களை மன்னித்துவிட்டதாக அவர் மனைவி கிளாடிஸ் சொன்னார். அதற்குப் பிறகும் பல வருடம் பாரிபதாவிலேயே இருந்து அந்த நோயாளிகளைக் கவனித்தார், 2005-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அப்பா அந்த மன்னிப்புச் செய்தியை இரண்டு தடவை படித்தார். டீச்சர் வந்ததும் பேப்பரை நீட்டி, "டீச்சர், உங்களால இப்படி முடியுமா?" என்று கேட்டார்.

டீச்சர் கொஞ்ச நேரம் யோசித்தார். "முடியாது அண்ணாச்சி. எங்க வீட்டுக்குப் பின்னால இருக்கிறவரு அரையடி தள்ளிச் சுவர் எடுத்துட்டாரு. ஆறு வருசமாச்சு, அதையே என்னால இன்னும் மன்னிக்க முடியல. அவரும் எங்க சபைதான்."